பெரிய ஆர்டரை எந்த வழியில் இறக்குவது? தகவல் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஓர் ஒப்பீடு

2,00,000 பங்குகள் வாங்க வேண்டும். விலை இப்போது 100. அந்தப் பங்கில் நாளொன்றுக்குச் சராசரியாக 20 லட்சம் கைமாறுகிறது. நாள் ஏற்ற இறக்கம் 2%. உங்கள் தேவை ஒரு நாள் வியாபாரத்தில் பத்தில் ஒன்று. இதை எப்படி வாங்குவது என்று உட்கார்ந்தால் பலர் முதலில் புரட்டுவது தரகுக் கட்டணப் பட்டியலைத்தான். இந்தக் கணக்கில் அது கடைசி வரி.

ஆர்டர் ஒன்று விலையை எவ்வளவு தள்ளும் என்பதற்கு வர்த்தக மேசைகளில் புழங்கும் தோராயச் சூத்திரம் ஒன்று உண்டு. ஆர்டர் அளவை நாள் வியாபாரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, நாள் ஏற்ற இறக்கத்தால் பெருக்க வேண்டும். இங்கே 2% × √0.1, அதாவது 0.63%. 2 கோடி மதிப்புள்ள ஆர்டருக்கு 1,26,000. எந்தக் கட்டணப் பட்டியலிலும் இந்தத் தொகை அச்சாகியிருக்காது. அளவை இரட்டிப்பாக்கினால் பங்குக்கான செலவு 1.41 மடங்கும் மொத்தச் செலவு 2.83 மடங்கும் ஆகும்.

இந்த 0.63% யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் வழிகளை ஒப்பிட முடியாது.

எதிரே நிற்பவரின் பயம்

பொருளியலாளர்கள் லாரன்ஸ் குளோஸ்டனும் பால் மில்குரோமும் 1985இல் காட்டிய கணக்கை எளிய எண்களில் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கின் உண்மை மதிப்பு 110 அல்லது 90, இரண்டுக்கும் சம வாய்ப்பு. வருகிறவர்களில் 20% பேருக்கு விடை தெரியும். மீதி 80% பேர் பணத்தேவைக்காக விற்பவர்கள், மாதாமாதம் சேமிப்பைப் போடுபவர்கள் என்று வேறு காரணத்துக்காக வருபவர்கள். அவர்களில் பாதி வாங்குவார்கள், பாதி விற்பார்கள். மதிப்பு 110 என்றால் அடுத்து வருபவர் வாங்குபவராக இருக்கும் வாய்ப்பு 60%. மதிப்பு 90 என்றால் அது 40%. ஆகவே ஒருவர் “வாங்குகிறேன்” என்று வாய் திறந்ததுமே, வாங்கவும் விற்கவும் விலை சொல்லி நிற்கும் மார்க்கெட் மேக்கரின் கணிப்பு 100இலிருந்து 102க்குப் போகிறது. “விற்கிறேன்” என்றால் 98. அவர் 98–102 என்று விலை வைப்பார்.

இதில் அவருக்கு லாபம் எதுவும் சேர்க்கவில்லை, பங்கைச் சுமக்கும் செலவையும் சேர்க்கவில்லை. இரண்டு விலைக்கும் நடுவே உள்ள 4, அதாவது ஸ்ப்ரெட், முழுக்க முழுக்கப் பயத்தின் விலை. தெரிந்தவர்கள் 20%க்குப் பதில் 5% மட்டும் என்றால் ஸ்ப்ரெட் 1 ஆகச் சுருங்கிவிடும். அடுத்தடுத்து இருவர் வாங்கினால் இரண்டாமவருக்கான விலை 103.85. மார்க்கெட் மேக்கர் செய்தி எதையும் படிக்கவில்லை. ஆர்டர் வரும் திசையை மட்டும் படிக்கிறார். தனித்தகவல் விலைக்குள் ஏறுவது இப்படித்தான். அதற்கான காசைக் கொடுப்பவர்கள் அந்தத் தெரியாத 80% பேர்.

அதே ஆண்டு ஆல்பர்ட் கைல் தெரிந்தவரின் பக்கத்திலிருந்து கேட்டார்: விடை தெரிந்தவர் எவ்வளவு வாங்குவார்? மதிப்பின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 4, தகவலற்ற ஆர்டர்களின் நிகர வரத்தின் திட்ட விலக்கம் 10,000 பங்கு என்க. அவர் மாதிரிப்படி வாங்கப்படும் ஒவ்வொரு பங்குக்கும் விலை 0.0002 நகரும். உண்மை மதிப்பு 103 என்று அறிந்தவர் 15,000 வாங்கினால் விலை 103க்கே போய்விடும், லாபம் பூஜ்யம். 7,500 வாங்கினால் விலை சராசரியில் 101.50, லாபம் 11,250. அவர் அங்கேயே நிறுத்திக்கொள்வார். அவரிடம் இருந்த தகவலில் பாதி விலைக்குப் போய்விட்டது, பாதி அவர் பையில்.

முடிவெடுக்க உதவும் எண் இதன் தொடர்ச்சியில் இருக்கிறது. அதே விஷயம் இரண்டு பேருக்குத் தெரிந்தால் மூன்றில் இரண்டு பங்கு தகவல் ஒரே சுற்றில் விலையில் ஏறிவிடும். நான்கு பேருக்குத் தெரிந்தால் ஐந்தில் நான்கு. “எனக்கு என்ன தெரியும்” என்பதைவிட “இன்னும் எத்தனை பேருக்குத் தெரியும்” என்பதே நீங்கள் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் இறங்குவதுதான் ஆய்வில் கெட்டிக்காரர்கள் ஆர்டரில் கோட்டை விடுகிற வழக்கமான இடம்.

சந்தை முழுத் திறனோடு இயங்கினால் இந்தப் பேச்சே எதற்கு என்று கேட்கலாம். சான்ஃபோர்ட் குரோஸ்மனும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் 1980இலேயே அதைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். தகவல் தேடக் காசு ஆகும். விலையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தேடியவருக்கு ஒன்றும் கிடைக்காது. பிறகு யாரும் தேட மாட்டார்கள். விலைக்குள் ஏற எதுவும் இராது. தேடுபவருக்குக் கூலி தருமளவுக்காவது விலை கொஞ்சம் பிழையாகத்தான் இருந்தாக வேண்டும். தகவல் உள்ளவருக்குக் கூலி, இல்லாதவருக்கு வரி. ஒவ்வொரு ஆர்டர் வழியும் இந்த இரண்டுக்கும் நடுவே வேறு வேறு இடத்தில் கோடு போடுகிறது.

ஒப்பிடும் முன்பே ஒதுக்க வேண்டியது

தனித்தகவல் எல்லாம் ஒரே வகை இல்லை. அறிக்கைகளைப் படித்துச் செய்த ஆய்வு, கடைகளில் சரக்கு எண்ணிச் சேர்த்த தரவு, நாளைக்கும் வாங்கப்போகிறோம் என்று உங்கள் ஆர்டரைப் பற்றி உங்களுக்கே தெரிந்தது: இவை உங்கள் சொத்து. நிறுவனத்துக்குள்ளிருந்து வந்த, இன்னும் வெளியாகாத, விலையை அசைக்கக்கூடிய செய்தி வேறு வகை. அதற்குச் சிறந்த ஆர்டர் வழி என்று ஒன்று கிடையாது. அங்கே சரியான அளவு பூஜ்யம். செய்தி எந்தப் பக்கம் சேரும் என்று சந்தேகம் வந்தால் ஆர்டருக்கு முன்பே சட்ட ஆலோசகரிடம் போக வேண்டும், பின்பு போனால் பயனில்லை.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் சந்தை நம்பிவிடுவதில்லை. உத்பல் பட்டாச்சார்யாவும் ஹாசெம் தாவுக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 1998 முடிவில் பங்குச் சந்தை இருந்த 103 நாடுகளில் 87இல் உள்தகவல் தடைச் சட்டம் இருந்தது. ஒரு வழக்காவது தொடுத்திருந்தவை 38. நிறுவனங்கள் பங்கு மூலதனம் திரட்டும் செலவு குறைந்தது சட்டம் இயற்றியபோது அல்ல, முதல் வழக்குக்குப் பிறகு. மேலே பார்த்த 20%, 5% ஆகக் குறையும் என்று மார்க்கெட் மேக்கர் நம்பினால்தான் ஸ்ப்ரெட் சுருங்கும்.

மார்க்கெட் ஆர்டர்: வேகம் மட்டும்

கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கும் கட்டளை இது. ஆர்டர் புத்தகத்தில், அதாவது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலில், கண்ணுக்குத் தெரியும் ஐந்து விலைப் படிகளில் படிக்கு 4,000 பங்கு இருந்தால் மொத்தம் 20,000. உங்கள் தேவையில் பத்தில் ஒன்று. மீதியை ஒரே அடியில் வாங்கப் போனால் ஆறாவது படியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் படியேறுகிறீர்கள். முதல் 20,000 போனதுமே மார்க்கெட் மேக்கர்கள் மற்ற விலைகளையும் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள், இவ்வளவு அவசரம் உள்ளவருக்கு ஏதோ தெரியும் என்ற அனுமானத்தில். 2,00,000க்கு இந்த வழி ஒத்துவராது. நிமிடக் கணக்கில் காலாவதியாகும் தகவலும், புத்தகத்தின் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கும் அளவும் இருந்தால் மட்டும் சரி. அப்போதும் வெறும் மார்க்கெட் ஆர்டராக அனுப்பாமல், ஏற்கக்கூடிய கடைசி விலையை வரம்பாக எழுதி, உடனே நிறைவேறாத மீதியை ரத்து செய்யும் ஆர்டராக அனுப்புவதே நல்லது.

லிமிட் ஆர்டர்: மலிவு போலத் தெரிவது

இந்த விலைக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று வரம்பு வைக்கும் ஆர்டர் இது. 99.95க்கு வாங்குவதாகப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் 100.05 கொடுக்காமல் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். காத்திருக்கும் லிமிட் ஆர்டர் என்பது மற்றவர்களுக்கு நீங்கள் இலவசமாக எழுதிக் கொடுத்த ஆப்ஷன், அதாவது வேண்டும்போது மட்டும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. விலை இறங்கப் போகிறது என்று தெரிந்தவர் அதில் வந்து விற்பார். விலை ஏறப் போகிறது என்றால் யாரும் வர மாட்டார்கள்.

எண்ணில் பார்ப்போம். ஆர்டர் நிறைவேறும்போது எதிரே இருப்பவர் 80% தருணங்களில் தகவலற்றவர். நடுவிலை (வாங்கும், விற்கும் விலைகளின் நடுப்புள்ளி) 100லேயே நிற்கிறது, உங்களுக்கு 0.05 லாபம். 20% தருணங்களில் தகவலுள்ளவர்; நடுவிலை 99.60க்கு இறங்குகிறது, 0.35 நஷ்டம். சராசரி: 0.04 – 0.07, அதாவது 0.03 நஷ்டம். ஸ்ப்ரெட்டைத் தாண்டி வாங்கியிருந்தால் 0.05 ஆகியிருக்கும், ஆக இதுவரை லிமிட்தான் மலிவு. நிறைவேறாமல் போவதைச் சேர்த்தால்தான் உண்மை தெரியும். 60% தருணங்களில் நிறைவேறுகிறது. மீதி 40%இல் விலை சராசரி 0.15 ஏறி, கடைசியில் இன்னொரு 0.05 கொடுத்துத் துரத்தி வாங்குகிறீர்கள். மொத்தச் செலவு 0.6 × 0.03 + 0.4 × 0.20 = 0.098. பொறுமை, அவசரத்தைப் போல் இரண்டு மடங்கு விலை கேட்டுவிட்டது. நிறைவேறிய ஆர்டர்களை மட்டும் பட்டியலிடும் அறிக்கைகளில் இந்த 0.08 எங்கேயும் வராது; லிமிட் ஆர்டருக்குத் தகுதிக்கு மேல் நல்ல பெயர் கிடைத்ததற்கு அது ஒரு காரணம்.

தகவல் உள்ளவர் லிமிட் ஆர்டரைத் தொடமாட்டார் என்று பாடப்புத்தகங்கள் பல காலம் சொல்லி வந்தன. 2005இல் ராபர்ட் புளூம்ஃபீல்ட், மவுரீன் ஓ’ஹாரா, கிடியான் சார் ஆய்வகத்தில் வர்த்தகம் நடத்திப் பார்த்தபோது வேறு விதமாக வந்தது. விலை உண்மை மதிப்பைவிட்டு வெகுதூரம் இருக்கும்போது தகவலாளர்கள் எதிர்ப்பக்க ஆர்டர்களை எடுத்துத் தீர்த்தார்கள். நெருங்கியதும் தாங்களே லிமிட் ஆர்டர் வைத்து மார்க்கெட் மேக்கர் வேலை பார்த்தார்கள். காரணம் எளிது. மற்ற மார்க்கெட் மேக்கர்களை வாட்டும் பயம் அவர்களுக்கு இல்லை. உங்கள் தகவல் வாரக்கணக்கில் தாங்கும் வகை, அது வேறு யாரிடமும் இல்லை என்றால் லிமிட் உங்களுக்கு ஒத்துவரும். தகவல் இல்லாதவர் புத்தகத்தின் முகப்பில் 2,00,000ஐயும் காட்டி நிற்பது வேறு கதை. காட்டும் அளவை 1,000–2,000க்குள் வைத்து மீதியை மறைக்கும் ஐஸ்பெர்க் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும்.

துண்டு போடுவது

பெரும்பாலான பெரிய ஆர்டர்கள் இப்படித்தான் நடக்கின்றன. 6 மணி நேர வர்த்தக நாளில் 5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 72 துண்டு, ஒவ்வொன்றும் சுமார் 2,778 பங்கு. மூன்று முறை சரியாக 5 நிமிட இடைவெளியில் 2,778 வந்தால் நான்காவதுக்கு முன்பே ஒருவர் வாங்கி வைத்திருப்பார். அளவையும் இடைவெளியையும் 30% வரை மேலும் கீழும் கலைத்துவிட வேண்டும். சமநேரப் பிரிப்பில் இன்னொரு கோளாறும் உண்டு: வியாபாரம் காலையிலும் மாலையிலும் குவிந்து நடுப்பகலில் வற்றிவிடும். எப்போதும் ஒரே அளவு துண்டு என்றால் நடுப்பகலில் சந்தையின் 20%, 25% நீங்களாகவே இருப்பீர்கள். வழக்கமான வியாபார ஓட்டத்துக்கு ஏற்பத் துண்டின் அளவை மாற்றும் வீவேப் (VWAP) முறை இதைச் சரிசெய்கிறது. 

ஏன் துண்டு வேலை செய்கிறது? கூட்டத்தில் ஒளிய முடிவதால். அனத் அட்மாட்டியும் பால் ஃப்ளைடரரும் 1988இல் காட்டியபடி, தகவலற்றவர்கள் ஒரே நேரத்தில் கூடுவார்கள், தகவலாளர்களும் அந்த நேரத்துக்கே வருவார்கள். மைக்கேல் பார்க்லேயும் ஜெரால்ட் வார்னரும் 1993இல் கையகப்படுத்தலுக்கு இலக்கான நிறுவனங்களின் பங்குகளைப் பார்த்தபோது, விலையை நகர்த்தியதில் பெரும்பகுதி மிகப் பெரிய வர்த்தகங்களிடமிருந்து வரவில்லை. 500க்கும் 10,000க்கும் இடைப்பட்ட நடுத்தர அளவிலிருந்து வந்தது. பெரிதாக வந்தால் பிடிபடும், சின்னதாக வந்தால் கட்டணம் தின்னும், ஆகவே நடுவில். அதைவிட வியப்பான முடிவு பியேர் கொலின்-டுஃப்ரேன், வியாசெஸ்லாவ் ஃபோஸ் இருவரும் 2015இல் வெளியிட்டது. அமெரிக்காவில் 5%க்கு மேல் பங்கு சேர்த்த ஆக்டிவிஸ்ட் முதலீட்டாளர்கள் (நிறுவனத்தில் மாற்றம் கேட்டு அழுத்தம் தருபவர்கள்) வாங்கிய நாட்களில், “தகவலாளர் நடமாட்டம்” அளக்கும் வழக்கமான குறியீடுகள் உயரவில்லை, தாழ்ந்தன. அவர்கள் லிக்விடிட்டி (விலையை அசைக்காமல் வாங்கி விற்கும் வசதி) நிறைந்த நாளாகப் பார்த்து வாங்கியதும் லிமிட் ஆர்டர் பயன்படுத்தியதும் காரணம். ஸ்ப்ரெட் குறுகலாக இருக்கிறது, ஆகவே எதிரே தகவலாளர் இல்லை என்று முடிவுகட்டும் கருவிகளை நம்பி ஆர்டர் போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடரட்டும்.

வியாபாரத்தில் இத்தனை சதவீதம் என்று இயந்திரத்துக்குக் கட்டளையிடும் முறைதான் துண்டு வகைகளில் ஆபத்தானது. 2010 மே 6 அன்று அமெரிக்காவில் ஒரு பெரிய முதலீட்டாளர் 75,000 ஈ-மினி ஃபியூச்சர்ஸ் (பங்குக் குறியீட்டின் மீதான முன்பேர) ஒப்பந்தங்களை, சுமார் 410 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, விற்க வைத்த கட்டளை: முந்தைய நிமிட வியாபாரத்தில் 9%. விலை வரம்பு கிடையாது, நேர வரம்பு கிடையாது. பதற்றமான நாள். அதிவேக வர்த்தகர்கள் ஒப்பந்தங்களைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றியதில் வியாபார எண்ணிக்கை எகிறியது. எண்ணிக்கை எகிற, இயந்திரம் இன்னும் வேகமாக விற்றது. சுமார் 20 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பிற்பகல் 2:45:28க்கு எக்ஸ்சேஞ்ச் 5 விநாடி வர்த்தகத்தை நிறுத்தியதும் விலை திரும்ப ஏறத் தொடங்கியது. கவனிக்க வேண்டியது: விற்றவரிடம் தனித்தகவல் எதுவும் இல்லை, அது கையிலிருந்த பங்குகளின் நஷ்டத்துக்கு எதிரான ஒரு பாதுகாப்பு விற்பனை. ஆனால் இவ்வளவு பிடிவாதமாக ஒருவர் விற்பதைப் பார்ப்பவருக்கு அது தகவல் போலவே தெரியும். வியாபார அளவு வேறு, லிக்விடிட்டி வேறு. சதவீதக் கட்டளை கொடுத்தால் கூடவே விலை வரம்பும், நிமிடத்துக்கு இத்தனை பங்குக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பும் கொடுத்தே ஆக வேண்டும்.

தகவல் உள்ளவருக்குத் துண்டின் கணக்கு வேறு. உங்கள் ஆய்வுப்படி மதிப்பு 103 என்க. அந்த 3% இடைவெளி ஒரு மணி நேரத்தில் பாதியாகக் கரையும் வகை. நாள் முழுக்கச் சமமாகப் பரப்பினால் வாங்கும்போது சராசரியில் மிஞ்சியிருப்பது 0.71% மட்டும். அதில் விலைத் தள்ளல் 0.63% போனால் 0.08%, அதாவது 16,000. முழுவதையும் முதல் ஒரு மணி நேரத்தில் முடித்தால் சராசரி மிச்சம் 2.16%. ஆனால் அந்த நேரத்து வியாபாரத்தில் நீங்கள் 60%. வர்க்கமூலக் கணக்கு அங்கே செல்லுபடியாகாது. தள்ளல் இரட்டித்து 1.3% ஆனால் 1,72,000 மிஞ்சும், மும்மடங்காகி 1.9% ஆனால் 52,000. மூன்றாவது வழி, 80,000 மட்டும் அதே ஒரு மணி நேரத்தில்: தள்ளல் 0.4%, மிச்சம் 1.76%, தொகை சுமார் 1,40,000. எங்கள் தேர்வு இதுதான். அனுமானம் கொஞ்சம் பிழைத்தாலும் கணக்கு கவிழாது. முழு அளவையும் வாங்கியே தீர வேண்டும் என்பது பெரும்பாலும் பழக்கம். கைல் கணக்கில் வந்தவர் 15,000 வாங்க முடிந்தும் 7,500ஓடு நின்றதை நினைத்துக்கொள்ளலாம்.

டார்க் பூல்

பொதுச் சந்தைக்கு வெளியே உள்ள தனியார் வர்த்தகக் களம். இங்கே ஆர்டர்கள் வெளியே தெரியாது. பொதுச் சந்தையின் நடுவிலையில் ஜோடி சேரும். அரை ஸ்ப்ரெட் மிச்சம் என்று விளம்பரம் செய்வார்கள், இங்கே 0.05. அது சில்லறை. உண்மையான பயன், 2,00,000 என்ற எண் வெளியே கசியாமல் இருப்பது.

இதில் ஒளிய வேண்டியவர் தகவலாளர் என்று தோன்றும். ஹாவோஷியாங் ஜு 2014இல் வாதிட்டது நேர்மாறு. தகவலாளர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள். எல்லோரும் வாங்கவே வந்தால் விற்க ஆள் இல்லை, ஜோடி சேராது, காத்திருக்கும் நேரத்தில் விலை ஓடிவிடும். தகவலற்றவர்கள் இரு பக்கமும் சிதறி இருப்பதால் ஜோடி எளிது. ஆகவே இருட்டு, தெரியாதவர்களுக்கே அதிகம் உதவும். தெரிந்தவர்கள் வெளிச்சத்துக்குத் தள்ளப்படுவார்கள். அங்கே விலை கூர்மையாகும், ஸ்ப்ரெட்டும் அகலமாகும். இருட்டின் பங்கு அளவுக்கு மீறினால் பொது விலையே மங்கிவிடும் என்ற கவலையில்தான் ஐரோப்பா 2018இல் ஒரு பங்குக்கு ஒரு களத்தில் 4%, எல்லாக் களங்களிலும் சேர்த்து 8% என்று வரம்பு வைத்தது.

செய்யும்போது தவறுவது இங்கே: குறைந்தபட்ச அளவு குறிப்பிடாமல் அனுப்புவது. 100 பங்கு ஆர்டர்களை அனுப்பித் துழாவுபவர் ஒருவர், உங்களிடம் ஒன்று நிறைவேறியதும் பெரிய வாங்குபவர் உள்ளே இருக்கிறார் என்று அறிந்து பொதுச் சந்தையில் உங்களுக்கு முன் வாங்கிவிடுவார். 2,00,000க்கு 2,000–5,000 என்று குறைந்தபட்சம் வைத்தால் துழாவுவது செலவு பிடிக்கும். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக, அளவு அளவாக நிறைவேறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம். எதிரே உங்களைவிடப் பெரிய விற்பனையாளர் இருக்கலாம். நிறுத்திவிட்டு 10 நிமிடம் விலையைப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இறுதி ஏலம்

நாள் முடிவில் எல்லா ஆர்டர்களும் சேர்ந்து ஒரே விலையில் தீரும் இடம். வேகத்துக்கு மதிப்பில்லை என்பது இதன் பலம்: ஒரு மைக்ரோ விநாடி முந்தியவருக்கும் அதே விலைதான். நாள் முழுவதையுமே குறுகிய ஏலங்களாக நடத்தலாம் என்று எரிக் பூடிஷும் கூட்டாளிகளும் 2015இல் முன்மொழிந்தார்கள். தைவான் சந்தை எதிர்த்திசையில் போனது. 5 விநாடிக்கு ஒருமுறை ஏலம் என்றிருந்ததை 2020 மார்ச் 23 முதல் தொடர் வர்த்தகமாக மாற்றியது.

ஒரு பங்குக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் குறியீட்டு நிதிகள் இங்கே குவிவதால் தகவலற்ற கூட்டம் பெரிது. உங்களிடம் தகவல் இல்லை, அதைச் சந்தை நம்பும்படி காட்டவும் முடியும் என்றால் இதுவே முதல் தேர்வு. “இன்று இவ்வளவு வாங்கப்போகிறேன், காரணம் இது” என்று முன்பே அறிவிப்பதும் ஒரு முறை. தகவலாளர் அப்படி அறிவிக்க மாட்டார் என்பதால் அறிவிப்பே உங்களுக்குச் சான்றிதழ். தெரியாது என்ற சான்றிதழுக்குச் சந்தையில் காசு உண்டு; அமெரிக்காவில் சில்லறை முதலீட்டாளர்களின் ஆர்டர்களை மொத்த வர்த்தக நிறுவனங்கள் தரகர்களுக்குப் பணம் கொடுத்தே பெறுகின்றன.

அறிவிப்பு எப்போது கெடுக்கும் என்றால், விற்பவர்கள் குறைவாகவும் நீங்கள் வாங்கியே ஆக வேண்டியவராகவும் இருக்கும்போது. டெஸ்லா அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500இல் சேரும் என்று 2020 நவம்பர் 16 அன்று அறிவிப்பு வந்தது. குறியீட்டு நிதிகள் டிசம்பர் 18 இறுதி விலையில் வாங்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட நாட்களில் பங்கு சுமார் 70% ஏறியது. ஏற்றம் முழுவதையும் இதன் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வாங்கப்போகிறவர் யார், எந்த நாள், ஏறத்தாழ எவ்வளவு என்பது ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உங்கள் அளவு இறுதி ஏலத்தின் வழக்கமான வியாபாரத்தில் 10%–15%ஐத் தாண்டினால் மீதியைப் பகலிலேயே துண்டு போட்டுவிடுவது உத்தமம்.

டீலரிடம் மொத்தமாகக் கேட்பது

ஒரே விலையில் 2,00,000ஐயும் டீலர் (தன் சொந்தக் கணக்கில் வாங்கி விற்பவர்) தலையில் இறக்கிவிடலாம். ஆபத்து அவருடையது, அதற்கு அவர் விலை வைப்பார். அந்த விலை பங்கைப் பொறுத்ததைவிட உங்கள் பெயரைப் பொறுத்தது. நீங்கள் போன முறை வாங்கிய மறுநாள் விலை 2% ஏறியிருந்தால் அவர் அதை எழுதி வைத்திருப்பார். ஐந்து பேரிடம் விலை கேட்டால் போட்டி கூடும் என்று நினைப்பது பாதி உண்மை. கிடைக்காத நால்வருக்கும் இப்போது உங்கள் திசை தெரியும். வென்றவர் பங்கைத் திரட்டப் போகும்போது அவர்கள் அவருக்கு முன்னால் நிற்பார்கள், அதை அறிந்த வென்றவர் முன்கூட்டியே விலையில் சேர்த்திருப்பார். இரண்டு, மிஞ்சினால் மூன்று பேர் போதும். வாங்குவதா விற்பதா என்று சொல்லாமல் இரு பக்க விலையும் கேட்க வேண்டும். தகவல் நாட்பட்டுக் கரையும் வகை என்றால் இந்த வழியில் ஒருமுறை லாபம் எடுக்கலாம். அடுத்த முறை விலை வேறாக இருக்கும்.

முடிந்த பிறகு அளப்பது

ஆர்டர் முடிவான கணத்தின் நடுவிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் துண்டு போன நேரத்து விலை அல்ல. சராசரி வாங்கிய விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் செலவு. கடைசித் துண்டுக்குப் பின் 5 நிமிடம், 30 நிமிடம், மறுநாள் இறுதி விலைகளையும் எழுதிவைக்க வேண்டும். வாங்கி முடித்ததும் விலை திரும்ப இறங்கினால் சந்தை உங்களைத் தகவலாளராகத் தவறாக எண்ணிக் கூடுதலாக வசூலித்திருக்கிறது; அடுத்த முறை மெதுவாக, அல்லது ஏலத்துக்கு. தொடர்ந்து ஏறினால் உங்கள் தகவல் உண்மை, ஆனால் மெதுவாகப் போனீர்கள், அல்லது இன்னும் பலருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஓர் ஆர்டரை வைத்து வழியை மாற்ற வேண்டாம். நாள் முழுக்கப் பரப்பிய ஆர்டரின் சராசரி விலை, நம் செயலுக்குச் சம்பந்தமில்லாமலே சுமார் 1.15% மேலும் கீழும் ஆடும் (2% ÷ √3). இரண்டு திட்டப் பிழை அளவுக்கு, அதாவது தற்செயல் அல்ல என்று ஓரளவு நம்பும்படி, 0.1% செலவை உறுதி செய்ய 500க்கு மேற்பட்ட ஆர்டர்கள் வேண்டும். அவ்வளவு ஆர்டர் இல்லாதவர்கள் ஒரே ஆர்டரின் துண்டுகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு களங்களுக்கு அனுப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் 5 நிமிடம் கழித்து விலை எங்கே நின்றது என்று ஒப்பிடலாம். அன்றைய சந்தை ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் 72 துண்டுகளிலிருந்தே, எந்தக் களத்தில் எதிரே நின்றவர்கள் உங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் என்பது மெல்லப் புலப்படத் தொடங்கும்.